மருந்து போய்ச் சேரும் இடம்

பீகாரின் முசாபர்பூர் பக்கம் காலா அசார் என்ற நோய் வந்தவருக்கு வைத்தியம் என்றால், ஒரு காலத்தில் ஒரு மாதப் படுக்கை. ஆம்போடெரிசின் பி என்ற மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள், மொத்தம் 15 முறை, ட்ரிப்ஸ் போட்டு மெதுவாக ஏற்றுவார்கள். ஏறத் தொடங்கிய சற்று நேரத்தில் குளிர் பிடிக்கும். போர்வை மேல் போர்வை போர்த்தினாலும் பல் கிட்டும், கட்டில் ஆடும், பிறகு காய்ச்சல் கொதிக்கும். சிறுநீரகம் தாங்குகிறதா, ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிவிட்டதா என்று அடிக்கடி சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். 29 நாள் இப்படிப் போகும். இந்த நோய்க்கு ஆளாகிறவர்களில் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள். மண்சுவர்க் குடிசையில் மாட்டுக்கொட்டகையை ஒட்டி வாழும் முசஹர் போன்ற நிலமற்ற சமூகத்தினர். நோயாளிக்குத் துணையாக ஒருவர் தங்கினால் வீட்டில் இரண்டு பேரின் கூலி நின்றுபோகும்.

2010-இல் நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் ஷியாம் சுந்தர் தலைமையில் முசாபர்பூரில் 412 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அது. 108 பேருக்குப் பழைய முறைப்படி 29 நாள் வைத்தியம். மீதி 304 பேருக்கும் அதே ஆம்போடெரிசின்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகளில் ஏற்றிய ஆம்போடெரிசின். அதுவும் ஒரே ஒரு முறை. மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பழைய முறையில் 96.3 சதவீதம் பேரும் புதிய முறையில் 95.7 சதவீதம் பேரும் குணமாகியிருந்தார்கள்.

1950களில் வெனிசுவேலாவின் ஓரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிர் தந்த மருந்து ஆம்போடெரிசின். அதன் மூலக்கூறில் ஓர் அணுவைக்கூட யாரும் மாற்றவில்லை. உடம்புக்குள் அது எந்த வழியாகப் போகிறது, எங்கே இறங்குகிறது என்பதை மட்டும் மாற்றினார்கள். ஒரு மாதம் ஒரு நாளானது.

மருந்தைக் கொண்டுசேர்க்கும் முறையை நாம் பொதுவாக மேலுறை மாதிரி நினைக்கிறோம். பழைய சரக்கைப் புது விலைக்கு விற்கக் கம்பெனிகள் செய்யும் வேலை என்றுகூடச் சொல்வதுண்டு. அப்படி நடப்பதும் உண்டுதான். ஆனால் முசாபர்பூர் கணக்கைப் பார்த்த பிறகு, கொண்டுசேர்க்கும் முறையையும் மருந்தின் பாதியாகவே எண்ண வேண்டியிருக்கிறது. நோயாளியும் அரசும் அதை அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பதற்கே இந்தக் கட்டுரை.

மண்ணீரலுக்குப் போன குமிழி

காலா அசார் கிருமியைக் கண்டுபிடித்ததில் சென்னைக்கும் பங்கு உண்டு. 1903-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த மாதிரியை நுண்ணோக்கியில் வைத்து அந்தச் சிறிய முட்டை வடிவப் பொட்டுகளைப் பார்த்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மன் அவற்றைப் பற்றி எழுதியிருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவானி என்று பெயர் வைத்தவர் ரொனால்ட் ராஸ்.

டோனவன் மண்ணீரலில் தேடியதில் காரணம் இருக்கிறது. இந்த நோயில் மண்ணீரல் வயிறு தள்ளும் அளவுக்கு வீங்கும். மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகிய மூன்று இடங்களிலும் விழுங்கு செல்கள் அதிகம். ரத்தத்தில் மிதந்து வரும் அந்நியத் துகள்களையும் கிருமிகளையும் விழுங்கிச் செரிப்பதே அவற்றின் வேலை. லீஷ்மேனியா அந்தச் செல்களுக்குள்ளேயே குடியேறி, செரிமானத்துக்குத் தப்பி, பெருகுகிறது.

இப்போது கொழுப்புக் குமிழிக்கு வருவோம். அதன் பெயர் லிபோசோம். 1960களில் கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரகாமில் அலெக் பேங்கம் என்ற விஞ்ஞானி, செல்சவ்வில் உள்ள அதே வகைக் கொழுப்பைத் தண்ணீரில் கலந்தால் அது தானாகவே வளைந்து மூடிய உருண்டைகளாக ஆகிறது என்று கண்டார். ஆம்போடெரிசினை ஏற்றும் குமிழியின் விட்டம் 100 நானோமீட்டருக்கும் குறைவு. ரத்தத்தில் விட்டதும் விழுங்கு செல்கள் அதை அந்நியத் துகள் என்று பிடித்து விழுங்குகின்றன. கிருமி எந்தச் செல்லை வீடாக்கிக்கொண்டதோ, அந்தச் செல்லே மருந்தையும் உள்ளே எடுத்துப்போகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் பங்கு மிகவும் குறைந்துவிடுகிறது. உடம்பு தன் இயல்பில் செய்யும் வேலையையே வழியாகப் பயன்படுத்திக்கொண்ட இந்த ஏற்பாட்டின் எளிமை என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

இப்படி ஒரு வழி இல்லாதபோது என்ன ஆகிறது? விழுங்கும் மாத்திரையும் போட்டுக்கொள்ளும் ஊசியும் ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் பரவுகின்றன. ஒரு தென்னைக்கு நீர் பாய்ச்ச ஊர் மடையையே திறந்துவிடும் காரியம் இது. பக்கவிளைவு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, மருந்து தனக்கு வேலையில்லாத இடத்தில் செய்கிற வேலை. நோய்க்கிருமியை மட்டும் தேடிப்போய்த் தாக்கும் மாயத் தோட்டா ஒன்று வேண்டும் என்று ஜெர்மனியின் பால் எர்லிக் நூறாண்டுக்கு முன்பே ஆசைப்பட்டார். அந்த ஆசை அதிகம் சோதிக்கப்பட்ட இடம் புற்றுநோய்.

புற்றுக்கட்டியை நோக்கி

கீமோ வார்டில் உட்கார்ந்திருந்தவர்கள் டாக்சோரூபிசினை மறக்க மாட்டார்கள். செக்கச்செவேலென்ற திரவம். ஏற்றிய பிறகு சிறுநீரும் சிவந்து போகும். மார்பகப் புற்று, ரத்தப் புற்று, நிணநீர்ப் புற்று எனப் பலவற்றில் நல்ல பலன் தரும் மருந்து. ஆனால் மொத்த அளவு ஒரு வரம்பைத் தாண்டினால் இதயத் தசையைக் கெடுக்கும். இதை லிபோசோமில் ஏற்றினால் இதயம் தப்புமே என்று ஜெருசலேமில் யெகெஸ்கேல் பேரன்ஹோல்ஸ், ஆல்பெர்டோ கபிசோன் இருவரும் முயன்றார்கள். காலா அசாரில் கைகொடுத்த அதே விழுங்கு செல்கள் இங்கே தடையாக நின்றன. குமிழி கட்டியை எட்டும் முன்பே கல்லீரலும் மண்ணீரலும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டன. எனவே குமிழியின் மேல் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற நீர்விரும்பும் இழைகளைப் போர்த்தினார்கள். விழுங்கு செல்களின் பிடிக்கு அகப்படாமல் குமிழி நாள்கணக்கில் ரத்தத்தில் சுற்ற முடிந்தது. 1995-இல் டாக்சில் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நானோ மருந்து என்ற வகையில் அங்கு அனுமதி பெற்ற முதல் மருந்தாக அதைச் சொல்வார்கள்.

குமிழி ஏன் கட்டிக்குள் இறங்க வேண்டும்? 1986-இல் ஜப்பானின் குமமோட்டோவில் மட்சுமுராவும் மயேதாவும் இதற்கொரு விளக்கம் தந்தார்கள். அவசரமாக வளரும் கட்டியின் ரத்தக் குழாய்கள் ஒழுங்காகக் கட்டப்படாதவை, இடைவெளிகள் பெரியவை. அந்த வழியாகத் துகள்கள் கசிந்து உள்ளே போகும். வடிகால் சரியில்லாததால் அங்கேயே தங்கும். அடுத்த முப்பது ஆண்டு நானோ மருந்து ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த ஒரு கருத்தை நம்பி ஓடியது.

2016-இல் டொரொண்டோவின் வாரன் சான் குழு, பத்தாண்டு ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தது. ஆய்வக விலங்குகளுக்கு ஊசியில் ஏற்றிய நானோ துகள்களில் கட்டியை அடைந்த பங்கு, இடைநிலை மதிப்பாக, 0.7 சதவீதம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. சுண்டெலியில் வளர்த்த கட்டியில் தாராளமாக இருந்த கசிவு மனிதக் கட்டிகளில் ஆளுக்கு ஆள், கட்டிக்குக் கட்டி மாறுகிறது. டாக்சில் இதயத்தைக் காத்தது. அது சின்ன விஷயமல்ல. ஆனால் பழைய டாக்சோரூபிசினைவிட ஆயுளைப் பெரிதாக நீட்டியது என்று சொல்ல முடியாது. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரியும் புதிய தொல்லை ஒன்றையும் அது கொண்டுவந்தது. தினசரிகளில் வாரம் ஒரு முறை வரும் “புற்றுநோயைத் தேடி அழிக்கும் நானோ துகள்” செய்திகளைப் படிக்கும்போது இந்த 0.7-ஐ நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நம்பிக்கையோடு காத்திருக்கும் குடும்பங்களிடம் எலியின் வெற்றியை மனிதனின் வெற்றியாகச் சொல்வது கொடுமை.

இன்னொரு பாதை அதைவிடத் தூரம் போயிருக்கிறது. குறிப்பிட்ட செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தை எடுத்து, அதன் மேல் கொடிய நஞ்சைக் கோத்து அனுப்புவது. மேடன்சின் என்ற தாவர நஞ்சைத் தனி மருந்தாகப் பல ஆண்டுகளுக்கு முன்பே நோயாளிகளிடம் சோதித்து, உடம்பு தாங்காது என்று கைவிட்டார்கள். அதன் வழித்தோன்றலை, ஹெர்-2 புரதத்தைப் பற்றும் டிராஸ்டுசுமாப் என்ற எதிர்ப்புரதத்தில் இணைத்தபோது மார்பகப் புற்றுக்குப் பயன்படும் மருந்தாகி, 2013-இல் அனுமதியும் பெற்றது. செல்லுக்குள் இழுக்கப்பட்டு, அங்கே எதிர்ப்புரதம் செரிக்கப்பட்ட பிறகுதான் நஞ்சு விடுபடும்.

அடுத்த தலைமுறை, ஜப்பானின் டாய்ச்சி சாங்க்யோ உருவாக்கிய டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான். ஒவ்வொரு எதிர்ப்புரதத்திலும் சுமார் எட்டு நஞ்சு மூலக்கூறுகள். விடுபட்ட நஞ்சு, பக்கத்தில் உள்ள புற்றுச் செல்லுக்கும் கசிந்து போகும். அந்தச் செல்லில் ஹெர்-2 குறைவாக இருந்தாலும் தப்பாது. 2022 ஜூனில் சிகாகோவில் நடந்த புற்றுநோய் மருத்துவர் மாநாட்டில் இதன் முடிவுகளை வாசித்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஹெர்-2 குறைவாக உள்ள, பரவிவிட்ட மார்பகப் புற்றில் வழக்கமான கீமோ பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 16.8 மாதம், இதைப் பெற்றவர்களுக்கு 23.4 மாதம். கைதட்டலுக்கு உரியதுதான். ஆனாலும் இது குறி தவறாத தோட்டா அல்ல. சிலருக்கு நுரையீரல் அழற்சி வந்தது, அதில் உயிரிழப்பும் உண்டு. இந்த ஊசி போட்டுக்கொள்கிறவருக்குப் புதிதாக இருமலோ மூச்சிரைப்போ வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கல்லீரல் மட்டும் இந்தத் துறையில் எளிதாக வசப்பட்ட உறுப்பு. கோவிட் காலத்தில் பெயர் அடிபட்ட கொழுப்பு நானோ துகள், 2018-இலேயே பட்டிசிரான் என்ற மருந்தாக வந்துவிட்டது. ரத்தத்தில் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதம் காரணமாக, கொலஸ்டிராலை உள்ளிழுக்கும் வாசல் வழியாகவே கல்லீரல் செல்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. 2025-இல் பிலடெல்பியாவில், அரிய மரபணுக் கோளாறோடு பிறந்த ஒரு கைக்குழந்தைக்காகவே தயாரித்த மரபணுத் திருத்தக் கருவி கல்லீரலுக்குப் போனதும் இந்தத் துகளில் ஏறித்தான். மூளைக்கு இவ்வளவு எளிதான வாசல் இன்னும் அகப்படவில்லை.

நேரத்தைப் பிடித்து வைத்தல்

இடம் ஒரு பாதி என்றால் நேரம் இன்னொரு பாதி. இதில் நம் ஒவ்வொரு வீட்டு மருந்து டப்பாவிலும் சாட்சி உண்டு. மெட்பார்மின் 500 சாதா மாத்திரை ஒன்று, எஸ்.ஆர். என்று போட்ட மாத்திரை ஒன்று. இரண்டையும் இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சாதா மாத்திரை சற்று நேரத்தில் பொரிந்து மாவாகி அடியில் படியும். எஸ்.ஆர். கரையாது. ஓரம் ஊறி, கண்ணாடி போன்ற வழுவழுப்பான கூழ் அதைச் சுற்றி வளரும். மணிக்கணக்கில் உப்பிக்கொண்டே போகும். அந்தக் கூழைத் தாண்டித்தான் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வர வேண்டும். வயிற்றிலும் நடப்பது இதுதான்.

இதனால்தான் அதை உடைத்தோ பொடித்தோ சாப்பிடக்கூடாது. நாள் முழுவதற்குமான அளவு ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும். சுகர் மாத்திரையிலும் பிரஷர் மாத்திரையிலும் இது ஆபத்து. வலிக்கான மார்பின் மாத்திரையில் உயிருக்கே ஆபத்து. விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்குக் கல்வத்தில் இடித்துக் கொடுப்பதும், மூக்குக் குழாய் வழியாகக் கரைத்து விடுவதும் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர்., சி.ஆர். என்று எது இருந்தாலும் டாக்டரையோ பார்மசிஸ்ட்டையோ கேட்காமல் உடைக்காதீர்கள். பிரஷருக்குத் தரும் சில மாத்திரைகள் இன்னொரு வகை. கெட்டியான ஓட்டில் லேசரால் ஓர் ஊசித்துளை. உள்ளே நீர் புகுந்து ஒரு பக்கம் உப்பி, மறுபக்கத்து மருந்தைத் துளை வழியே தள்ளும். வேலை முடிந்த ஓடு முழுசாக மலத்தில் வரும். மாத்திரை கரையவே இல்லை என்று பயப்பட வேண்டாம்.

உடலுக்குள் வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் மருந்தைக் கசியவிடும் யோசனை, 1960களில் அமெரிக்கக் கடற்படை மருத்துவமனையில் இருந்த ஜூடா போக்மன் கவனித்த ஒரு சின்ன விஷயத்திலிருந்து வளர்ந்தது. சிலிகான் ரப்பர் குழாயின் சுவரைச் சில சாயங்கள் ஊடுருவி வெளியே வந்தன. சாயம் வந்தால் மருந்தும் வருமே! தோலுக்கடியில் ஆறு சிலிகான் குச்சிகள் வைத்து ஐந்தாண்டு கருத்தடை தந்த நார்பிளான்ட் இந்த வழியில் வந்ததே.

சுகருக்கு இரவில் போடும் கிளார்ஜின் இன்சுலின், புட்டியில் அமிலத்தன்மையோடு தெளிந்த நீராக இருக்கும். தோலுக்கடியில் அமிலத்தன்மை போனதும் நுண்ணிய படிவுகளாக உறைந்து, ஏறத்தாழ ஒரு நாள் முழுக்கக் கரைந்துகொண்டே இருக்கும். வேறு இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் அதைக் கலக்கக்கூடாது என்பது இந்த அமிலக் கணக்கால்தான். வலி குறைக்கும் பென்டனில் ஒட்டுப்பட்டை தோல் வழியே மூன்று நாள் மருந்து விடும். அதன் மேல் வெந்நீர்ப் பையோ ஒத்தடமோ வைத்தால் சூட்டில் மருந்து வேகமாக இறங்கி மூச்சே அடங்கிவிடலாம்.

இத்தனை நுட்பங்களுக்கு நடுவே எனக்கு மிகப் பிடித்தது நல்லெண்ணெய். மனச்சிதைவுக்குத் தரும் புளூபெனசின் டெகனோயேட் ஊசியில், மருந்து கரைந்திருப்பது சுத்திகரித்த எள்ளெண்ணெயில். தசையில் இறங்கிய எண்ணெயிலிருந்து மருந்து மெல்ல மெல்லப் பிரிந்து இரண்டு முதல் நான்கு வாரம் வரை வேலை செய்கிறது. தினமும் மாத்திரை கொடுக்கும்போது “எனக்கு ஒன்றுமில்லை” என்று தட்டிவிடும் மகனோடு மல்லுக்கட்டும் அம்மாவுக்கு, மாதம் ஒருமுறை ஊசி என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! அந்த வீட்டில் சாப்பாட்டு வேளை மறுபடியும் சாப்பாட்டு வேளையாகிறது. விலையுயர்ந்த தொழில்நுட்பம் ஏதும் இதில் இல்லை.

யாருக்குக் கிடைக்கிறது

2021 மே மாதத்தில் கருப்புப் பூஞ்சை பரவியபோது தமிழ்நாடு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. அப்போது ஊரெங்கும் தேடப்பட்டது முசாபர்பூரில் பார்த்த அதே லிபோசோம் ஆம்போடெரிசின். கணக்கைப் பாருங்கள்: கிலோவுக்கு 5 மில்லிகிராம், 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 300 மில்லிகிராம், 50 மில்லிகிராம் வயல் ஆறு. மூன்று வாரத்துக்கு 126 வயல்கள். ஒரு வயல் பல ஆயிரம் ரூபாய். மருந்துச்சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கெஞ்சியவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆம்போடெரிசின் என்ற மூலக்கூறை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மிகத் தூய்மையான கொழுப்புகள் வேண்டும், குமிழியை ஒரே அளவில் செய்யும் ஆலை வேண்டும். ஒரே வாரத்தில் பெருக்கக்கூடிய உற்பத்தி அல்ல அது. ஜூனில் ஜி.எஸ்.டி. வரியை நீக்கினார்கள். குமிழி இல்லாத பழைய மருந்தை ஏற்றிச் சிறுநீரகத்தைப் பணயம் வைத்தவர்களுக்கு அது தாமதமான உதவி.

காலா அசாரில் இப்படி ஆகாமல் போனதற்குக் காரணம் திட்டமிட்ட ஏற்பாடு. 2011 டிசம்பரில் கிலியட் நிறுவனம் உலக சுகாதார நிறுவனத்தின் மூலம் 4,45,000 வயல்களை இலவசமாகத் தர ஒப்புக்கொண்டது. இந்தியாவும் ஒற்றை ஊசி முறையைத் தேசியத் திட்டமாக்கியது. 1992-இல் 77 ஆயிரம் பேரைப் பிடித்த நோய், இப்போது இந்தியாவில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. நோயைப் பரப்பும் மணல் ஈயின் ஒழிப்பும் சீக்கிரமே கண்டறிதலும் இதில் சேர்ந்தே வேலை செய்தன. 2023-இல் பங்களாதேஷ், காலா அசாரைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்த முதல் நாடானது.

செய்யும் திறமை நம்மிடம் இல்லாமல் இல்லை. 2012-இல் அமெரிக்காவில் டாக்சில் தட்டுப்பாடு வந்தபோது, இந்தியாவின் சன் பார்மா தயாரித்த லிபோடாக்சை இறக்குமதி செய்யத்தான் அந்நாட்டு அரசு சிறப்பு அனுமதி தந்தது. அடைப்பை நீக்கிய இதயக் குழாய் மறுபடி சுருங்காமல் மருந்து கசியவிடும் ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தபோது, லட்சத்தைத் தாண்டி விற்ற அதே சாமான் எளியவருக்கும் எட்டியது. நஞ்சு கோத்த எதிர்ப்புரத மருந்துகளில் ஒன்றுக்கு ஜைடஸ் 2021-இல் மாற்று கொண்டுவந்தது. புதியவற்றின் விலையோ இன்னும் வீட்டை விற்கவைக்கும் நிலையில்தான் இருக்கிறது. அரசுக் காப்பீட்டில் அவற்றுக்கு இடம் கேட்டுக் குரல் எழுப்ப வேண்டிய நேரம் இது.

விலை எவ்வளவு மாறக்கூடும் என்பதற்கு லெனகபவிர் ஆகப் புதிய உதாரணம். எச்.ஐ.வி. வராமல் தடுக்க, தோலுக்கடியில் போட்டுவிட்டால் அங்கேயே படிவாக உறைந்து ஆறு மாதம் கசியும் ஊசி. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த சோதனையில் இந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. மாத்திரை டப்பாவை வீட்டில் ஒளித்து வைக்க வேண்டிய பெண்ணுக்கு, ஆண்டுக்கு இரண்டே ஊசி என்பது உயிர்க்காப்பு. 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அங்கு அறிவித்த விலை ஆண்டுக்கு 28,218 டாலர், ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய். மூன்றே மாதத்தில், ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டெரோவும் அதே மருந்தை ஆண்டுக்கு 40 டாலருக்குத் தருவதாக ஒப்பந்தம் செய்தன. சுமார் 3,500 ரூபாய். 2027 முதல் 120 நாடுகளுக்கு அந்த விலையில் அனுப்ப வேண்டும்.